வெண்கோலுக்குப் பஸர் கேட்டது யார்?

நம் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கண்காட்சிகளைச் சுற்றி வந்தால் இரண்டு பொருள்கள் தவறாமல் கண்ணில் படும். ஒன்று, பார்வையற்றவர்களுக்கான ‘ஸ்மார்ட் ஸ்டிக்’: பிளாஸ்டிக் குழாயின் நுனியில் அல்ட்ராசோனிக் சென்சர், நடுவில் அர்டுயினோ போர்டு, பிடிக்கு அருகே ஒரு பஸர். மற்றொன்று, காது கேளாதவர்களுக்கான ‘பேசும் கையுறை’: விரலுக்கு ஒன்றாக ஐந்து ஃப்ளெக்ஸ் சென்சர், ஒரு சின்ன ஸ்பீக்கர். பாகங்கள் சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கும். செய்முறை யூடியூபில் கிடைக்கும். ரிப்போர்ட்டையே எழுதிக் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்களும் உண்டு. கண்காட்சி முடிந்ததும் சான்றிதழ், கேடயம், மறுநாள் நாளிதழில் படத்தோடு செய்தி.

இதற்குப் பின்னால் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு கருத்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாணவர் ஆய்வு என்றால் ஒரு கருவி செய்து காட்டுவது. ஒரு செமஸ்டரில் அதற்குமேல் முடியாது. பயன்படுத்தப்போகிறவரைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசுவதெல்லாம் சமூகப்பணி மாணவர்களின் வேலை, பொறியியல் அல்ல. எப்படிப் பார்த்தாலும் நல்லெண்ணத்தில் செய்வதைக் குறை சொல்லக் கூடாது. வழிகாட்டும் ஆசிரியர்களும் பரிசளிக்க வரும் விருந்தினர்களும் இதைத்தான் நம்புகிறார்கள். மனித–கணினி ஊடாட்டம் என்ற துறையே இந்த நம்பிக்கைக்கு எதிரானது. அதை நம் வகுப்பறைகள் இன்னும் காதில் வாங்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் வசிப்பது அடி அண்ணாமலையில். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலை ஒட்டிய ஊர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறார்கள். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் கற்பூரமும் ஊதுபத்தியும் விற்கிறார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு பௌர்ணமி மாலையில் நான்கு மாணவர்கள் ஸ்மார்ட் ஸ்டிக்கோடு அவரிடம் வந்தார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம்.

“ஐயா, இதைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச தூரம் நடங்க. வீடியோ எடுத்துக்கிறோம். கீழே மட்டும் தட்டாதீங்க, சென்சர் ஆடிப்போயிடும்” என்றார் ஒரு பையன்.

அவர் தன் கோலை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பஸர் ஒலிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எப்படி நிற்கும்? ஒரு மீட்டருக்குள் எது வந்தாலும் ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். பௌர்ணமி இரவின் கிரிவலப் பாதையில் ஒரு மீட்டருக்குள் எப்போதும் யாருடைய முதுகாவது இருக்கும். பத்தடி போய்த் திரும்பி வந்து கோலை நீட்டினார். “தம்பி, இது கத்துறதுல எனக்கு வேற ஒண்ணுமே கேக்கல” என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வீடியோ கிடைத்துவிட்டது.

அந்தப் பாதையில் அவருக்குக் கேட்க வேண்டியவை என்னென்ன என்று அவர்கள் கேட்டிருந்தால் ஓர் ஆய்வே கிடைத்திருக்கும். வெறுங்காலில் நடக்கிறவருக்கு ஓடு பாவிய நடைபாதை எங்கே முடிந்து தார் எங்கே தொடங்குகிறது என்பது பாதத்திலேயே தெரியும். கோயில் மணி ஒரு பக்கம், டீக்கடை பாய்லரின் இரைச்சல் ஒரு பக்கம், அன்னதானப் பந்தலின் ஜெனரேட்டர் இன்னொரு பக்கம் என்று அவருக்கு ஒரு வரைபடமே காதில் இருக்கிறது. கோல் நுனி தட்டும்போது கால்வாய் மூடியின் ஓசை வேறு, மண்ணின் ஓசை வேறு. வெண்கோல் என்பது பல தலைமுறைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்திப் பயன்படுத்திச் செம்மைப்படுத்திய கருவி. அதற்குப் பேட்டரி வேண்டாம், எடையும் குறைவு. கையில் கொடுத்த ஸ்மார்ட் ஸ்டிக் தரையோடு அவருக்கிருந்த தொடர்பையும் துண்டித்தது, காதையும் அடைத்தது. இருந்த வசதியைப் பறித்துக்கொண்ட ஒன்றுக்கு உதவிக் கருவி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அவருக்கு எதில்தான் சிரமம்? நடப்பதில் அல்ல. பணத்தில். 2016 முதல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் நான்கே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கசங்கிய தாளை, நெரிசலில், விரலால் அளந்து பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. கேமராவைத் தாள்மேல் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் தேவையில்லை. நல்ல செயலிதான். ஆனால் ஒரு கையில் கற்பூரம், ஒரு கையில் சில்லறை, முன்னால் ஐந்து பேர் என்று நிற்கிறவர் எந்தக் கையால் போனை எடுத்து விரித்த தாளைப் படம் பிடிப்பார்?

அவர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது, கடைக்குக் கடை இப்போது இருக்கும் அந்தக் குட்டிச் சவுண்ட்பாக்ஸ். க்யூஆர் கோடில் பணம் விழுந்ததும் தமிழில் தொகையைச் சொல்கிறது. பார்வையற்றவர்களுக்கென்று யாரும் அதைச் செய்யவில்லை. வியாபார மும்முரத்தில் போனை எடுத்துப் பார்க்க முடியாத எல்லாக் கடைக்காரர்களுக்கும் செய்தார்கள். கை ஓயாத ஒருவரின் தேவையும் கண் தெரியாத ஒருவரின் தேவையும் அந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன. எல்லோரையும் உள்ளடக்கிய வடிவமைப்பு என்று பாடநூல்கள் சொல்வதற்கு எங்கள் ஊர் உதாரணம் இது. இதைக் கவனித்து ஒரு தீசிஸ் எழுத அர்டுயினோ வேண்டாம். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பௌர்ணமி உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பயன்படுத்துகிறவர்கள் கிடைக்கவில்லை, அதனால் நாங்களே கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தோம்” என்று ரிப்போர்ட்டுகளில் எழுதுகிறார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கறுப்புத் துணி கட்டிக்கொண்ட மாணவனுக்குத் தெரிவது பார்வையின்மையின் முதல் பத்து நிமிடம் மட்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும் அந்த நிமிடங்களில் அவன் தடுமாறுகிறான், பயப்படுகிறான், எதிலாவது மோதிக்கொள்கிறான். இருபது முப்பது ஆண்டுகளாகக் கோலோடு நடந்த ஒருவரின் திறமையில் துளிகூட அவனிடம் இல்லை. எனவே பஸர் ஒலித்தால் அவனுக்கு ஆறுதல், அவருக்குத் தொல்லை. சோதனையின் முடிவு தலைகீழாகத்தான் வரும்.

அதோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஏரியல் சில்வர்மன், தாமே பார்வையற்றவரான ஓர் உளவியல் ஆய்வாளர். 2015இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையில், பார்வையின்மையைப் பாவனை செய்து பார்த்தவர்கள் அதன்பிறகு பார்வையற்றவர்களின் திறனைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று காட்டினார். வேலை செய்வது, தனியாக வாழ்வது இரண்டிலும் ‘இவர்களால் முடியாது’ என்ற எண்ணம் கூடியிருந்தது. பரிவு வளரட்டும் என்று நாம் செய்விக்கிற பயிற்சி, நாளை இதே மாணவன் ஒரு நிறுவனத்தில் ஆளெடுக்கும் இடத்தில் உட்காரும்போது பார்வையற்ற விண்ணப்பதாரருக்கு எதிராகத் திரும்பும். நல்லெண்ணத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று இனியும் சொல்ல முடியாது.

அடுத்த வாதம், மக்களோடு பேசுவது பொறியியல் ஆகாது என்பது. இதைச் சொல்கிறவர்களுக்கு டி.வி. ராமனின் தீசிஸை நினைவுபடுத்துகிறேன். புனேயில் பிறந்தவர். பதினான்கு வயதில் க்ளாக்கோமாவால் பார்வையை முற்றிலும் இழந்தவர். கணிதம் படித்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் முடித்து, கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒலிநாடாவில் பதிந்த கணிதப் புத்தகத்தில் நீளமான ஒரு சமன்பாடு வந்தால் அது தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகத்தான் கேட்கும். பார்க்கிறவர் ஒரு நொடியில் பிடித்துவிடுகிற அமைப்பு காதுக்கு வராது. 1994இல் அவர் முடித்த பிஹெச்.டி. ஆய்வு ‘ஆஸ்டர்’ என்ற மென்பொருள். கணிதம் தட்டச்சிடப் பயன்படும் லேடெக்கில் எழுதிய ஆவணத்தை அது வாங்கி, அடுக்கெண்ணை உயர்ந்த சுருதியிலும் கீழெண்ணைத் தாழ்ந்த சுருதியிலும் சொல்லும். கேட்பவர் சமன்பாட்டுக்குள் தான் வேண்டிய இடத்துக்குப் போய் வரலாம். அமெரிக்கக் கணினி அறிஞர் அமைப்பான ஏ.சி.எம். அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேடு என்ற விருதை அதற்கு அளித்தது. கடினமான கணினி அறிவியல் அது. அதே சமயம் ஒரு வாசகரின் அன்றாட முடையிலிருந்து பிறந்தது. முடையை நுணுக்கமாக அறிந்ததால்தான் தொழில்நுட்பமும் அவ்வளவு ஆழமாகப் போக முடிந்தது.

ராமன் தம் தேவைக்குத் தாமே செய்துகொண்டார், நம் மாணவர்களுக்கு அந்த அனுபவம் இல்லையே என்று கேட்கலாம். அதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’, பேச்சு வராத குழந்தைகள் படங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுத்துப் பேச உதவும் கருவி. மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த வித்யாசாகர் அமைப்பின் ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதன் உருவாக்கத்தில் கூடவே இருந்தார்கள். பிறகு அது ஆட்டிசக் குழந்தைகளிடமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் பரவியது. 2011இல் எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் தேர்ந்தெடுத்த 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் அவர் ஒருவர். தனக்கு இல்லாத அனுபவத்தை, அது உள்ளவர்களோடு சேர்ந்து உழைத்து அவர் பெற்றார்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான சான்று வரும்: டெல்லி ஐ.ஐ.டி.யின் ‘ஸ்மார்ட்கேன்’. அதுவும் அல்ட்ராசோனிக் கோல்தானே, அதுவும் மாணவர் ப்ராஜெக்ட்டாகத்தானே தொடங்கியது? ஆம். அதனால்தான் அதைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அது தொடங்கியது 2005 வாக்கில், சந்தைக்கு வந்தது 2014இல். அந்த இடைவெளியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் குழு பார்வையற்றோர் அமைப்புகளோடு சேர்ந்து வடிவத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியது. தயாரித்துக் கொடுத்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வெண்கோலை அவர்கள் தூக்கிப் போடவில்லை. அதன் பிடியில் மாட்டும் கருவியாகச் செய்தார்கள். கோல் தன் வேலையைத் தரையில் செய்துகொண்டே இருக்கும். கோலுக்கு எட்டாதவை முழங்காலுக்கு மேலே இருப்பவை: தாழ்ந்த கிளை, நிறுத்திய லாரியின் பின்பக்கம், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு. அவற்றுக்கு மட்டும் சென்சர். எச்சரிக்கையும் ஓசையாக இல்லை, கைக்கு அதிர்வாக வரும். எங்கள் ஊர்க் கற்பூர வியாபாரி பத்தடி நடந்து சொன்னது அங்கே வடிவமைப்பின் அடித்தளமாகவே இருந்தது. ஸ்மார்ட்கேனைச் சான்று காட்டுகிறவர்கள் அதன் சென்சரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஒன்பதாண்டு உழைப்பை விட்டுவிடுகிறார்கள்.

கையுறைக்கு இந்த அளவு நியாயம்கூட இல்லை. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ‘சைன்அலவுட்’ என்ற கையுறைக்காக 10,000 டாலர் லெமெல்சன்–எம்.ஐ.டி. மாணவர் பரிசு பெற்றார்கள். உலகமெங்கும் செய்தி. அதே பல்கலைக்கழகத்தின் சைகைமொழி ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் மறுத்து எழுதினார்கள். சைகைமொழி விரலில் மட்டும் இல்லை. புருவத்திலும் வாயிலும் தோளிலும் அதன் இலக்கணம் இருக்கிறது. கேள்வியா, மறுப்பா என்பதையே முகம்தான் சொல்லும். கையுறைக்கு முகம் தெரியாது. நம்மூர் நகல்கள் இன்னும் ஒரு படி கீழே போகின்றன. இணையத்தில் கிடைத்த அமெரிக்க விரலெழுத்து அட்டவணையை அப்படியே எடுத்து ஒரு கைக்கு ஐந்து சென்சர் தைக்கிறார்கள். இந்தியச் சைகைமொழியின் ஆங்கில விரலெழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். அந்தக் கையுறை இங்கே யாருக்குமே உதவாது. இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இலேயே டெல்லியில் தொடங்கியாயிற்று. 2021இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு ப்ராஜெக்ட் முதல் பரிசு வாங்க முடிகிறது.

வேறொன்றும் இருக்கிறது. கையுறை வேலை செய்தாலும் காது கேளாதவர் சொல்வது கேட்கிறவருக்குப் போகும். கேட்கிறவரின் பதில் எப்படித் திரும்பி வரும்? அதை யாரும் யோசிப்பதில்லை. மொழி கற்க வேண்டிய சிரமத்திலிருந்து கேட்கிறவரைக் காப்பாற்றும் கருவி அது. அணிந்துகொண்டு திரிய வேண்டியவர் மட்டும் காது கேளாதவர்.

மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற குரலும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11,79,963 பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த குறைபாடுகளை 21 ஆக விரித்த பிறகு அந்த எண் இன்னும் கூடும். எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் உரிமை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பை ஒவ்வொரு கணினித் துறையிலும் பாடமாக வைக்க வேண்டும். வழக்கு இதுதான்: வங்கிக் கணக்கு தொடங்க, நீங்கள் உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கேமராமுன் கண்ணிமைக்கச் சொன்னது மென்பொருள். அமில வீச்சில் கண்கள் சிதைந்த பெண்ணால் எப்படி இமைக்க முடியும்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது நீதிமன்றம். அந்த மென்பொருளை எழுதிய பொறியாளரும் ஏதோ ஒரு கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்தவர்தான். கண்ணிமைக்க முடியாத மனிதர் உலகில் இருக்கக்கூடும் என்று அந்தக் கல்லூரியில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கருவி செய்யாவிட்டால் மாணவன் என்னதான் செய்வான் என்கிறார்கள். திருவண்ணாமலையில் கால் வைத்தால் தலைப்புகள் காலில் இடறும். அரசு அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் திறந்து பாருங்கள். (அதை 2006இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியரும் பார்வையற்ற இளைஞர்தான். இன்று தமிழையும் வாசிக்கிறது.) யூனிகோடில் இருந்தால் குரல் சீராக வரும். வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் என்றால், திரையில் அழகான தமிழ். காதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் குவியல். ஏனென்றால் அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறது. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் மௌனம். யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010இல். ஆனாலும் இந்த மூன்று வகையும் இன்றும் கலந்தே வருகின்றன. ஓய்வூதிய அறிவிப்பையோ தேர்வு அறிவிப்பையோ தானே படிக்க முடியாமல் ஒரு பட்டதாரி பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எழுத்துருவைக் கண்டறிந்து, யூனிகோடாக மீட்டு, தலைப்பும் அட்டவணையும் குலையாமல் திரைவாசிப்பானுக்குக் கொடுப்பது சரியான கணினி அறிவியல் பிரச்சினை. இதில் கார்னெல் மாணவரைவிட நம் மாவட்ட மாணவருக்குத்தான் வசதி அதிகம்.

கிரிவலப் பாதையிலேயே இன்னொன்று. காணாமல்போன குழந்தை, தடம் மாற்றிய பேருந்து, நெரிசல் எச்சரிக்கை எல்லாம் ஒலிபெருக்கியில் வரும். குடிநீர், கழிப்பறை, மருத்துவ முகாம் எங்கே என்பதெல்லாம் பலகையில் இருக்கும். முதலாவது காது கேளாதவருக்கு எட்டாது. இரண்டாவது பார்வையற்றவருக்கு எட்டாது. பிள்ளையைத் தவறவிட்ட காது கேளாத தாய் அந்தக் கூட்டத்தில் யாரிடம், எப்படிச் சொல்வாள்? அவளுடைய பிள்ளை கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு மைக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும், அவள் அதன் கீழேயே நின்றுகொண்டிருப்பாள். இதைக் கண்டறிந்து, வரைந்து, அப்படிப்பட்ட நான்கு குடும்பங்களோடு பேசி, ஓர் எளிய மாற்று ஏற்பாட்டைப் பௌர்ணமியன்று முயன்று பார்த்தால் அது தீசிஸ். மின்சுற்று ஒன்றுகூட இல்லாவிட்டாலும் தீசிஸ்தான்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகும் என்பது புதிதாகக் கேட்கும் வாதம். குரலறியும் மென்பொருள், பேச்சுத் தசைகள் ஒத்துழைக்காதவரின் தமிழைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தத் தமிழை யாராவது பொறுமையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சென்னை எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் அப்படி ஒரு பேச்சுத்தொகுப்பை உருவாக்கினார்கள். உண்மையான மனிதர்களை எதிரில் உட்காரவைத்து, சொல் சொல்லாக. அந்த உழைப்பு இல்லாத இடத்தில் எந்த நுண்ணறிவும் தானாக முளைக்காது.

ஆக, மாற வேண்டியது மதிப்பெண் முறை. ‘நாங்கள் நினைத்த கருவி தேவையில்லை என்று கண்டறிந்தோம், காரணங்கள் இவை’ என்று முடியும் ரிப்போர்ட்டுக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். இன்றைய முறையில் அது தோல்வி. எனவே எந்த மாணவரும் உண்மையை எழுதத் துணிவதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். பொறியியல் துறைகளில் அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் வியாபார நேரத்தில் ஒருவரைக் கடையிலிருந்து எழுப்பி வீடியோ எடுக்க முடிகிறது. சோதனைக்கு வருகிறவரின் நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை அவருக்குப் புரியும் வடிவில், சைகையிலோ பிரெய்லிலோ ஒலியிலோ, தர வேண்டும். ஆய்வு முடிந்தபின் திரும்பிப் போய் என்ன கண்டோம் என்று சொல்ல வேண்டும். வைவா குழுவில் அந்தக் குறைபாட்டோடு வாழும் ஒருவர், மற்றத் தேர்வாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு உட்கார வேண்டும்.

நேரம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாகம் வாங்க அலைவதற்கும் வேலை செய்யாத சென்சரை மாற்றுவதற்கும் போகும் வாரங்களே இதற்குப் போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஆட்சியர் வளாகத்தில் இருக்கிறது. அங்கே மனுவோடு காத்திருப்பவர்களின் பக்கத்தில், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், அவர்கள் சம்மதித்தால் போய் உட்காரலாம். ப்ராஜெக்ட்டின் தொடக்க மதிப்பாய்வான ஜீரோத் ரிவ்யூவுக்கு பிளாக் டயகிராம் வேண்டாம். யார் யாரைச் சந்தித்தோம், அவர்கள் எதைக் கேட்டார்கள், எதை வேண்டாம் என்றார்கள் என்று எழுதிய இரண்டு பக்கத்தை வழிகாட்டி கேட்டு வாங்கட்டும். அந்த இரண்டு பக்கம் வரும்வரை தலைப்பில் கையெழுத்துப் போட வேண்டாம்.